பில் விதர்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த பில் விதர்ஸ்?

அமெரிக்க சோல் இசையின் பாடகர், பாடலாசிரியர். 1938 ஜூலை 4 அன்று பிறந்தார். 2020 மார்ச் 30 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில், 81 வயதில், இதய நோயால் காலமானார். "ஏன்ட் நோ சன்ஷைன்", "லீன் ஆன் மீ", "லவ்லி டே", "ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்" ஆகிய நான்கில் ஏதோ ஒன்றையாவது நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். பாடியவர் பெயர் தெரியாமல் பாட்டை மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அது அவருக்கு ஒரு குறையாக இருந்ததாகத் தெரியவில்லை.

முதல் ஆல்பம் வந்தபோது வயது 32. கடைசி ஆல்பம் வந்தபோது 47 கூட நிறையவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் இன்னொரு ஆல்பம் வெளியிடவில்லை. இந்தப் பக்கத்தில் வரும் பல கேள்விகள் சுற்றிச் சுற்றி இந்த ஒரு விஷயத்துக்கே வந்து நிற்கும்.

சோல் இசை என்றால் என்ன?

கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு, தேவனை விட்டுவிட்டுக் காதலையும் அன்றாட வாழ்வையும் பாடத் தொடங்கியபோது பிறந்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம். ரே சார்லஸ், சாம் குக் போன்றவர்கள் 1950களில் வழி திறந்தார்கள். 1960களில் டெட்ராய்டில் மோட்டவுன் நிறுவனமும் மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் நிறுவனமும் அதை நாடெங்கும் கொண்டு சேர்த்தன.

விதர்ஸ் இந்த இரண்டு பள்ளிகளிலும் படித்தவர் அல்ல. மேற்கு வர்ஜீனியாவில் அவர் வளர்ந்த காலத்தில் வானொலியில் அமெரிக்கக் கிராமப்புற இசையான கன்ட்ரிதான் ஒலித்தது. மடியில் மர கிட்டார், முக்காலி ஒன்றில் உட்கார்ந்த நிலை, பேசுவது போன்ற பாட்டு. பார்க்க நாட்டுப்புறப் பாடகர் மாதிரி இருக்கும்; கேட்டால் அடியில் தேவாலயம் ஒலிக்கும். அந்தக் காலத்து சோல் பாடகர்கள் மேடையில் வியர்வை சொட்ட ஆடிப் பாடிக்கொண்டிருந்தபோது இவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

எந்த ஊர்க்காரர்?

ஸ்லாப் ஃபோர்க். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கத்தைத் தவிர சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத இடம். ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை சுரங்கத் தொழிலாளி. பெற்றோர் பிரிந்த பிறகு அருகில் உள்ள பெக்லி நகரத்தில் தாய்வழிச் சொந்தங்களிடம் வளர்ந்தார். 13 வயதில் தந்தை இறந்துபோனார். அதன்பிறகு அவரை வளர்த்ததில் தாயோடு பெரும்பங்கு பாட்டிக்கு. பாட்டியைப் பற்றித் தனியே ஒரு கேள்வி கீழே இருக்கிறது. அவர் அதற்குத் தகுதியானவர்.

அவருக்குத் திக்குவாய் இருந்தது உண்மையா?

உண்மை. இருபது வயதின் பிற்பகுதி வரை இருந்தது. எதிரே இருப்பவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான் நாக்கைக் கட்டிப்போடுகிறது என்று அவரே கண்டுகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அதிலிருந்து வெளியே வந்தார்.

"ஸ்டில் பில்" என்ற 2009ஆம் ஆண்டு ஆவணப்படத்தில், நியூயார்க்கில் திக்கிப் பேசும் பிள்ளைகளுக்காக நடக்கும் ஒரு நாடகக் குழுவுக்கு அவர் போகும் காட்சி உண்டு. அவர்களோடு பேசும்போது கண்கலங்கிவிடுகிறார். எழுபது வயதை எட்டிய மனிதருக்கு அந்தப் பழைய பயம் இன்னும் எவ்வளவு அருகில் இருந்தது என்பது அந்தக் காட்சியில் தெரியும்.

அவர் பாடல்களில் சொற்கள் ஏன் அவ்வளவு குறைவு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் நினைவூட்டுவேன். ஒவ்வொரு சொல்லையும் வாயிலிருந்து வெளியே கொண்டுவர இளமை முழுதும் பாடுபட்ட ஒருவர், தேவையில்லாத சொல்லைப் பாட்டில் வைக்கமாட்டார். இது என் ஊகம்தான். ஆனால் பாடல்களைக் கேட்கக் கேட்க இது உறுதிப்படுகிறது.

விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தாரா?

ஆமாம், கட்டுக்கதை இல்லை. பதின்ம வயது முடியும் முன்பே கடற்படையில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் இருந்தார். அந்தக் காலத்தில் கடற்படையில் கறுப்பின இளைஞர்களைச் சமையலறைக்கும் எடுபிடி வேலைக்கும் அனுப்புவதுதான் வழக்கம். அதற்குப் போகமாட்டேன் என்று முடிவெடுத்து விமான மெக்கானிக் பயிற்சி பெற்றார். 1965இல் வெளியே வந்து கலிஃபோர்னியாவில் பால் வண்டி ஓட்டுவது முதல் தொழிற்சாலை வேலை வரை பலதும் பார்த்தார். 1967இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தார். பக்கத்து பர்பாங்க் நகரத்தில் இருந்த வெபர் ஏர்கிராஃப்ட் என்ற நிறுவனத்தில் போயிங் 747 விமானங்களுக்கான கழிப்பறைகளைப் பொருத்தும் பணி அவருடையது.

1971இல் வந்த முதல் ஆல்பமான "ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்" அட்டையைப் பாருங்கள். செங்கல் சுவரில் சாய்ந்து நிற்கிறார். கையில் சாப்பாட்டுப் பெட்டி. அது புகைப்படத்துக்காக வாங்கி வந்த பொருள் அல்ல. உணவு இடைவேளையில் வேலையிடத்திலேயே எடுத்த படம் அது. "ஏன்ட் நோ சன்ஷைன்" பத்து லட்சம் பிரதிகள் விற்றபோது இசைத்தட்டு நிறுவனம் அவருக்குத் தங்கநிறக் கழிப்பறை இருக்கை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. கேலிதான், ஆனால் அன்பான கேலி.

பாட வேண்டும் என்ற எண்ணம் எப்படி வந்தது?

அவர் சொன்ன விளக்கம் மிகவும் எளிமையானது. ஓக்லாந்தில் ஒரு கிளப்பில் பாடகர் லூ ரால்ஸ் வரத் தாமதமானது. வாரத்துக்கு 2,000 டாலர் கொடுக்கிறேன், நேரத்துக்கு வர முடியவில்லையா என்று நிர்வாகி எரிந்து விழுந்துகொண்டிருந்தார். விதர்ஸ் அப்போது மணிக்கு மூன்று டாலர் சம்பாதித்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் ரால்ஸ் உள்ளே வந்ததும் அங்கிருந்த பெண்கள் எல்லாம் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். விதர்ஸ் நேரே அடகுக் கடைக்குப் போய் மலிவான கிட்டார் ஒன்றை வாங்கினார்.

கலைஞர்கள் தங்கள் தொடக்கத்தைச் சொல்லும்போது பொதுவாக ஏதோ தெய்வீக அழைப்பு வந்தது போலச் சொல்வார்கள். இவர் கணக்குப் பார்த்து வந்தவர். வேலையை விடாமல், தன் சம்பளத்தில் மிச்சம்பிடித்த காசில் மாதிரிப் பதிவுகள் செய்து நிறுவனங்களின் கதவைத் தட்டினார். கடைசியில் கிளாரன்ஸ் அவான்ட் என்பவர் கதவைத் திறந்தார். சஸெக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்தவர் அவான்ட்.

முதல் ஆல்பத்தை யார் தயாரித்தார்கள்?

புக்கர் டி. ஜோன்ஸ். ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் நிரந்தர இசைக்குழுவை வழிநடத்திய ஆர்கன் கலைஞர். அந்தக் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் டொனால்ட் டன், டிரம்ஸ் கலைஞர் அல் ஜாக்சன் ஆகியோரையும் அழைத்துவந்தார். கிட்டாருக்கு ஸ்டீஃபன் ஸ்டில்ஸ். தொழிற்சாலையிலிருந்து வந்த ஒருவரின் முதல் பதிவுக்கு இப்படி ஒரு கூட்டம் அமைந்தது அதிர்ஷ்டம்தான்.

பதிவு அன்று விதர்ஸ் புக்கரைத் தனியே அழைத்து, "இந்தப் பாட்டுகளை யார் பாடப்போகிறார்கள்?" என்று கேட்டாராம். "நீங்கள்தான்" என்றார் புக்கர். தான் எழுதிக் கொடுப்பவன், பாட வேறு ஆள் வருவார் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பணம் தட்டுப்பட்டதால் இரண்டு அமர்வுகளுக்குப் பிறகு பதிவு ஆறு மாதம் நின்றுபோய், மீண்டும் தொடர்ந்தது. ஆல்பத்தைக் கேட்டால் அந்த இடைவெளி தெரியாது.

"ஏன்ட் நோ சன்ஷைன்" பாட்டில் ஒரே சொல்லை 26 முறை சொல்வது ஏன்?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

அவள் போய்விட்டால் வெயில் இல்லை, வீடு வீடாக இல்லை என்பதுதான் பாட்டின் பொருள். குடிப்பழக்கத்தில் சிக்கிய தம்பதியைப் பற்றிய 1962ஆம் ஆண்டுத் திரைப்படமான "டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோஸஸ்" பார்த்தபோது இது மனதில் தோன்றியதாக விதர்ஸ் சொல்லியிருக்கிறார். கெடுதல் என்று தெரிந்தே ஒன்றைத் தேடிப்போகும் மனநிலைதான் பாட்டுக்குள் இருப்பது.

மொத்தப் பாட்டே இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். மூன்றாவது சரணம் வர வேண்டிய இடத்தில் அவரிடம் வரிகள் இல்லை. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று, "எனக்குத் தெரியும்" என்று பொருள்படும் அந்த இரண்டு அசைகளை மட்டும் திரும்பத் திரும்பப் பாடி வைத்தார். இந்த இடத்தில் வரி எழுதப்போகிறேன் என்று அவர் சொன்னபோது, அப்படியே விட்டுவிடு என்று ஸ்டுடியோவில் இருந்த எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் தொழிற்சாலைக்காரன், இவர்கள் இத்தனை அனுபவம் உள்ளவர்கள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். வயலின்களும் கிட்டாரும் ஒதுங்கிவிடுகின்றன. டிரம்ஸும் குரலும் மட்டும். முதல் நான்கைந்து முறை சாதாரணமாக இருக்கிறது. பிறகு மூச்சு எங்கே எடுக்கிறார் என்று கேட்பவர் தேடத் தொடங்குகிறார். பதினைந்தைத் தாண்டும்போது தாளத்தின் மேல் சொற்கள் இடறி விழுவது போல ஒலிக்கின்றன. இவளை விட்டுத் தொலைக்க வேண்டும் என்று தெரிகிறது, தெரிந்தும் முடியவில்லை என்பதை எந்தச் சரணமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்காது.

இந்தப் பாட்டு முதலில் "ஹார்லெம்" என்ற சிங்கிளின், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு இசைத்தட்டின், பின்பக்கத்தில்தான் வெளியானது. வானொலி நிலையத்தார் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அமெரிக்காவின் வெற்றிப் பாடல் வரிசையான பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது.

வேலையை எப்போது விட்டார்?

பாட்டு ஓடத் தொடங்கிய பிறகும் உடனே விடவில்லை. இசைத் தொழில் நிலையில்லாதது என்பது அவர் கருத்து. இடையில் ஆட்குறைப்பில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பிறகு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன: ஒன்று வேலைக்குத் திரும்ப அழைத்தது, மற்றொன்று ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட அழைத்தது. எதற்குப் போனார் என்று சொல்லத் தேவையில்லை.

"லீன் ஆன் மீ" பாட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

முதல் ஆல்பத்துக்குப் பிறகு வுர்லிட்சர் மின் பியானோ ஒன்றை வாங்கினார். பியானோ வாசிக்கத் தெரியாது. விரல்களை வரிசையாகப் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் மேலே ஏற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். அதுவே மெட்டானது. பிள்ளைகள் முதல் வாரத்தில் பழகும் நடைதான் அது.

சொற்கள் ஸ்லாப் ஃபோர்க்கிலிருந்து வந்தவை. கஷ்டம் வந்தால் என் மேல் சாய்ந்துகொள், நாளை நானும் யார் மேலாவது சாய வேண்டிவரும் என்கிறது பாட்டு. சுரங்க ஊரில் அடுத்த வீட்டுக்காரர் உதவி இல்லாமல் வாழ்க்கை ஓடாது. லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற பெருநகரத்தில் அதன் அருமை அவருக்கு இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. இரண்டாவது ஆல்பமான "ஸ்டில் பில்" மூலம் வெளியான இந்தப் பாட்டு 1972 ஜூலையில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே ஆல்பத்தின் "யூஸ் மீ" இரண்டாம் இடம்வரை போனது.

இதைக் காதல் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வெகுஜன இசையில் நட்பையும் அண்டை அயலையும் மட்டுமே பாடி இவ்வளவு உயரம் போன பாட்டு வேறு எது என்று யோசித்தால் உடனே ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. 2009இல் ஒபாமா பதவியேற்பை ஒட்டி லிங்கன் நினைவிடத்தில் நடந்த கச்சேரியில் மேரி ஜே. பிளைஜ் பாடினார். 2020இல் கொரோனாப் பரவலின்போது மருத்துவப் பணியாளர்களுக்காகப் பல இடங்களில் மக்கள் இதைப் பாடிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் விதர்ஸ் இறந்த செய்தி வந்தது.

"கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்" பாட்டில் வரும் பாட்டி நிஜமானவரா?

நிஜம். லூலா கேலோவே, தாய்வழிப் பாட்டி. பாட்டில் பாட்டியின் முகம் எங்கும் வராது, கைகள் மட்டும்தான். ஞாயிறு காலைத் தேவாலயத்தில் தட்டும் கைகள், டாம்பரின் வாசிக்கும் கைகள். பில்லி, அவ்வளவு வேகமாக ஓடாதே, கண்ணாடித் துண்டு கிடக்கும், புல்லில் பாம்பு இருக்கும் என்று எச்சரிக்கும் கைகள். மணமாகாமல் தாயான உள்ளூர்ப் பெண்ணைத் தேற்றிய கைகள். சில நேரம் வலித்து வீங்கிப்போகும் கைகள்.

அந்த மணமாகாத தாய் சில வரிகளில் மட்டும் வந்து போகிறாள். ஊர் அவளை எப்படி நடத்தியிருக்கும், பாட்டி அதற்கு எதிரே எப்படி நின்றிருப்பார் என்பதை எல்லாம் நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு நிமிடப் பாட்டில் ஒரு கிழவியின் முழு வாழ்க்கையும் இருக்கிறது. விதர்ஸ் எழுதியதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

கார்னெகி ஹால் பதிவை ஏன் எல்லோரும் புகழ்கிறார்கள்?

1972 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் நடந்த கச்சேரி 1973இல் ஆல்பமாக வந்தது. பாட்டுகளுக்கு நடுவே அவர் பேசுவதையும் சேர்த்தே பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்காகவே கேட்கலாம். பாட்டியின் தேவாலயத்தைப் பற்றிச் சொல்லி அரங்கத்தைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் பாடத் தொடங்குவார்.

பின்னணியில் வாசித்தவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியைச் சேர்ந்த 103வது தெருக் குழு என்ற இசைக்குழுவில் இருந்த கலைஞர்கள். "ஸ்டில் பில்" ஆல்பத்திலும் அவர்கள்தான். டிரம்ஸ் வாசித்த ஜேம்ஸ் காட்சனைத் தனியே கவனியுங்கள். "யூஸ் மீ" பாட்டில் அவர் அடிக்கும் அடி, தாளம் தெரிந்தவர்களுக்கு ஒரு பாடம்.

இந்தக் கச்சேரியின் உச்சம் "ஐ கான்ட் ரைட் லெஃப்ட்ஹேண்டட்". வியட்நாம் போரில் வலக்கையை இழந்த இளைஞன் ஒருவன், என் தாய்க்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், எனக்கு இடக்கையால் எழுத வராது என்கிறான். தம்பியைப் படைக்கு அனுப்பாமல் தடுக்க வக்கீலிடம் பேசச் சொல்கிறான். பாதிரியாரைத் தனக்காக ஜெபிக்கச் சொல்கிறான். அதிபரையோ அரசையோ ஒரு வார்த்தை திட்டவில்லை. போரை எதிர்த்து அந்தக் காலத்தில் வந்த முழக்கப் பாடல்கள் பல இன்று பழசாகத் தெரிகின்றன. இது அப்படித் தெரியவில்லை.

முகமது அலியின் குத்துச்சண்டையோடு இவருக்கு என்ன தொடர்பு?

1974இல் ஸயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கின்ஷாசாவில் அலி–ஃபோர்மன் போட்டியை ஒட்டி மூன்று நாள் இசைவிழா ஏற்பாடானது. ஃபோர்மனுக்குக் கண்ணருகே வெட்டுக்காயம் பட்டதால் போட்டி அக்டோபர் இறுதிக்குத் தள்ளிப்போனது. விழா மட்டும் குறித்தபடி செப்டம்பரில் நடந்தது. ஜேம்ஸ் பிரவுன், பி.பி. கிங், சீலியா க்ரூஸ் எல்லாம் வந்திருந்தார்கள். "சோல் பவர்" என்ற ஆவணப்படத்தில் அந்த விழாவைப் பார்க்கலாம். இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே விதர்ஸ் தனியாக உட்கார்ந்து, ஒரே கிட்டாருடன், பிரிந்துபோனவள் நன்றாக இருக்கட்டும் என்று பாடுகிறார். படத்தில் வேகம் குறையும் ஒரே இடம் அதுதான். நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடமும் அதுதான்.

"லவ்லி டே" பாட்டில் அந்த நீண்ட இழுப்பு எத்தனை நொடி?

18 நொடி. ஸ்கிப் ஸ்கார்பரோவுடன் சேர்ந்து எழுதிய பாட்டு. 1977இன் "மெனாஜரி" ஆல்பத்தில் உள்ளது. வித்தை காட்டாத பாடகர் காட்டிய ஒரே வித்தை என்று இதைச் சொல்லலாம். அதிலும் சுருதி ஆடவில்லை, குரல் நடுங்கவில்லை.

"ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்" அவர் எழுதியதா?

பாதி. ரால்ஃப் மெக்டொனால்டும் வில்லியம் சால்டரும் எழுதிக்கொண்டு வந்தார்கள். சாக்ஸஃபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ஆல்பத்துக்காக. சொற்கள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, வரிகளில் கைவைக்க விட்டால் பாடுகிறேன் என்றார் விதர்ஸ். 1981இல் இரண்டாம் இடம் வரை போய் கிராமி விருதும் வாங்கியது. தான் ஒப்பந்தத்தில் இருந்த இசைத்தட்டு நிறுவனத்துக்கு வெளியே, விருந்தாளியாகப் போய்ப் பாடிய பாட்டு இவ்வளவு ஓடியதை அவருடைய நிறுவனம் எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஏன் பாடுவதை நிறுத்தினார்?

சஸெக்ஸ் நிறுவனத்தோடு பணத் தகராறு வந்தது. 1975இல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. பிறகு கொலம்பியா ரெக்கார்ட்ஸுக்குப் போனார். 1975 முதல் 1978 வரை ஆண்டுக்கு ஒரு ஆல்பம் வந்தது. அதன்பின் ஏழு ஆண்டுகள் ஒன்றும் இல்லை. அவர் கொண்டுபோன பாட்டுகளை நிறுவனம் ஏற்கவில்லை. ஊதுகருவி சேர், பின்னணிப் பெண் குரல்கள் சேர் என்று ஆலோசனை வந்தது. எல்விஸ் பிரெஸ்லி பாடிய "இன் த கெட்டோ" பாட்டை நீ பாடினால் என்ன என்று ஒருவர் கேட்டாராம். கறுப்பர் இசையை உனக்கே கற்றுத்தருகிறேன் என்று வந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அவர் ஒரு கேலிப் பெயரே வைத்திருந்தார். 1985இல் "வாட்சிங் யூ வாட்சிங் மீ" வந்தது. அதோடு சரி.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சோகக் கதையாகச் சொல்கிறார்கள்: நிறுவனம் ஒரு மேதையை ஒடித்துப்போட்டது என்று. நிறுவனத்தின் மேல் தவறு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரே அந்தக் கதையை ஏற்கவில்லை. 32 வயது வரை மெக்கானிக்காகவும் தொழிலாளியாகவும் வாழ்ந்து பழகியவர் அவர். இசை இல்லாமல் வாழ்வது எப்படி என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். சின்ன வயதிலேயே மேடை ஏறி, அதைத் தவிர வேறு எதையும் அறியாத கலைஞர்களால் மோசமான முதலாளியை விட்டு எழுந்து போக முடிவதில்லை. இவரால் முடிந்தது. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் சரியில்லை என்றால் ஒரு தொழிலாளி என்ன செய்வாரோ அதைச் செய்தார்.

எனவே "ஏன் நிறுத்தினார்" என்பதைவிட, பதினைந்தே ஆண்டுகளில் இத்தனை எப்படிச் செய்தார் என்று கேட்பது பொருத்தம்.

பிறகு வருமானத்துக்கு என்ன செய்தார்?

பாட்டுகளின் உரிமைதான் சோறு போட்டது. 1976இல் அவர் மணந்த மார்சியா, பாடல் உரிமை நிறுவனத்தை நிர்வகித்தார். சொந்தமாக எழுதுபவருக்கும் வெறுமனே பாடுபவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். 1987இல் கிளப் நூவோ என்ற குழு "லீன் ஆன் மீ" பாட்டை ஆட்டப் பாட்டாக மாற்றிப் பாடி மறுபடியும் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. எழுதியவர் என்ற முறையில் விதர்ஸுக்கு மூன்றாவது கிராமி வந்தது. 1996இல் பிளாக்ஸ்ட்ரீட் குழுவின் "நோ டிகிட்டி" பாட்டு, "கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்" பாட்டின் தொடக்க முனகலை எடுத்துத் தன் அடித்தளமாக வைத்துக்கொண்டது. 1998இல் வில் ஸ்மித், "ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்" பாட்டை மகனுக்கான பாட்டாக மாற்றினார்.

முற்றிலும் ஒதுங்கிவிட்டாரா?

இல்லை. மறைந்து வாழ்ந்தார் என்பது பத்திரிகைகள் கிளப்பிவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் குடும்பத்தோடு இருந்தார், தெருவில் நடந்தார், பேட்டி கேட்டால் கொடுத்தார். 2004இல் ஜிம்மி பஃபெட்டின் ஆல்பத்துக்குப் பாட்டு எழுதினார். 2015இல் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது ஸ்டீவி வொண்டர் அறிமுக உரை ஆற்றினார். விதர்ஸ் மேடையேறி, கூடியிருந்த இசைக் கலைஞர்களைப் பார்த்து, மேற்கு அரைக்கோளத்திலேயே மிகப் பெரிய, குடியை விட முயல்வோர் சங்கக் கூட்டம் இதுவாகத்தான் இருக்கும் என்றார். மேடையை விட்டு முப்பது ஆண்டுகள் ஆகியும் நகைச்சுவையின் நேரம் தவறவில்லை.

முதலில் எதைக் கேட்பது?

கார்னெகி ஹால். பிறகு "ஸ்டில் பில்". பிறகு முதல் ஆல்பம். தொகுப்பு ஆல்பங்களை விட்டுவிடுங்கள்; பெரிய வெற்றிப் பாட்டுகளை மட்டும் அடுக்கினால் இவர் இனிமையான காதல் பாடகர் என்ற தவறான எண்ணம் வந்துவிடும். கொலம்பியா காலத்தில் "மெனாஜரி" போதும்.

கிட்டார், கீபோர்டு பழகுபவர்கள் இவர் பாட்டில் தொடங்கலாமா?

தாராளமாக. "லீன் ஆன் மீ" சி மேஜரில் உள்ளது. கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளே போதும். "ஏன்ட் நோ சன்ஷைன்" ஏ மைனர். நான்கைந்து கார்டு தெரிந்தால் வாசித்துவிடலாம். பாடுவதுதான் சிக்கல். நம் ஊர்க் குரல்கள் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு பிருகாவைச் சேர்த்துவிடும். சேர்க்காதீர்கள். வரி முடிந்ததும் நிறுத்திவிட்டு, அடுத்த வரி வரும்வரை தாளத்தை மட்டும் காலால் தட்டிக்கொண்டிருங்கள். அந்த 26 முறையை எண்ணிக்கொண்டு பாடினால் நிச்சயம் தவறும். டிரம்ஸைக் கேட்டுக்கொண்டு பாடினால் தானாக வந்துவிடும்.